பள்ளிப் பிள்ளைக்குக் காக்கி உடுப்பு எதற்கு?

சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய கேள்விகள் சில உண்டு. நூல் விலை ஏன் ஏறிற்று, ரிபேட் பணம் எப்பொழுது வரும், பங்கு ஈவு எத்தனை சதவீதம் என்பன போன்றவை அவை. கேரள எல்லையை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்தின் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தபோது, வரவு செலவுக் கணக்கு நிறைவேறிய பிறகு, மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து கணக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

“ஏனுங்க ஐயா, பாலக்காட்டுச் சித்தூரிலே என் தங்கச்சி மக ஒன்பதாவது படிக்குதுங்க. போலீஸ் உடுப்புப் போட்டுக்கிட்டு அணிவகுப்புக்குப் போகுதுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு அந்த உடுப்பு எதுக்குங்க? நாளைக்கு நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துக்கும் இது வந்துச்சுன்னா, நாங்க ஒப்புக்கிறதா, வேண்டாங்கறதா?”

கூட்டத்தில் சிலர் நகைத்தனர். கேட்டவர் நகைக்கவில்லை. அவருக்குத் தறியுடன் ஒன்றரை ஏக்கர் பூமியும் உண்டு. முந்தைய ஆண்டில் அவருடைய கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ களவாடிச் சென்றுவிட்டனர். அவர் புகார் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று நாம் வினவியபோது, “ஸ்டேஷன் படி ஏறினா மருவாதை போயிருமுங்க” என்பதே அவருடைய விடையாக இருந்தது.

தம் பொருளைப் பறிகொடுத்தவரே போலீஸ் நிலையத்துக்குச் செல்ல அஞ்சுகிறார். அவருடைய தங்கை மகளோ அந்த நிலையத்தாரிடமே பயிற்சி பெறுகிறாள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய கேள்விக்கு விடை கிடைக்கும். அன்று கூட்டத்தில் நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

அச்சத்தின் வேர்

போலீஸைக் கண்டு குடிமக்கள் அஞ்சுவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், அந்நிய ஆட்சியார் 1861-ஆம் ஆண்டில் இந்தியப் போலீஸ் சட்டத்தை இயற்றினர். சென்னை மாகாணத்துக்கு அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, 1859-ஆம் ஆண்டில், தனிச் சட்டம் பிறந்துவிட்டது. ஆட்சியைக் காப்பதும், மக்களைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அந்நாளைய போலீஸின் தலையாய வேலைகளாக இருந்தன. நாடு விடுதலை பெற்றது. சட்டங்களும் படிப்படியாக மாறின. எனினும் பாட்டன் நெஞ்சில் விழுந்த அச்சம் பேரன் நெஞ்சிலும் தங்கிவிட்டது. சோறுண்ண மறுக்கும் குழந்தையிடம் “போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்” என்று சொல்லாத வீடு நம் ஊர்களில் எத்தனை உண்டு?

இந்த அச்சத்தினால் நஷ்டம் அடைகிறவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். களவு கொடுத்தவர் புகார் செய்யாவிட்டால் களவாடியவனுக்கே இலாபம். குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பெற்றோர் மறைத்தால், கொடுமை செய்தவனுக்கே பாதுகாப்பு. போலீஸாருக்கும் இதனால் நன்மையில்லை. ஊர் மக்கள் வாய் திறவாத இடத்தில் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

இந்த நிலையை மாற்றக் கருதிக் கேரளப் போலீஸ் துறை 2008-ஆம் ஆண்டில் ‘ஜனமைத்ரி சுரக்ஷா’ என்னும் திட்டத்தை 20 போலீஸ் நிலையங்களில் தொடங்கிற்று. மக்களோடு நட்புக் கொண்டு பாதுகாப்பு அளித்தல் என்பது அதன் பொருள். குறிப்பிட்ட பகுதிக்குப் பொறுப்பான போலீஸார் வீடு வீடாகச் சென்று மக்களுடன் பழகி, அவர்களுடைய குறைகளைக் கேட்டறிவது அதன் முறை. பெரியோரிடம் இவ்வாறு தொடங்கிய முயற்சி, இரண்டாண்டுகள் கழித்துச் சிறியோரிடமும் சென்றது. அதுவே மாணவர் போலீஸ் கேடட் திட்டம்.

திட்டத்தின் தோற்றம்

இத்திட்டம் 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி தொடங்கியது. முதலில் 127 பள்ளிகள் தெரிந்தெடுக்கப்பட்டன; சேர்ந்த மாணவ மாணவியர் 11,176 பேர். கணக்குப் பார்ப்பது நம் தொழிலாதலால், இந்த எண்ணை 127-ஆல் வகுத்துப் பார்த்தோம். மீதி எதுவுமின்றிப் பள்ளிக்கு 88 பேர் வருகின்றனர். எட்டாம் வகுப்பில் 44 பேர், ஒன்பதாம் வகுப்பில் 44 பேர் என்பது திட்டத்தின் அளவு. ஒவ்வொரு 44-லும் ஆண்பிள்ளைகள் பாதி, பெண்பிள்ளைகள் பாதி. பின்னர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு இது விரிவடைந்தது.

இத்திட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஐ.பி.எஸ். அதிகாரியான பி. விஜயன் அவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஒருமுறை தவறி, கூலி வேலை செய்து, மீண்டும் படித்து உயர்ந்தவர் அவர். தேர்வில் தவறிய பிள்ளையை ‘இனி உதவாது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

இரண்டு கைகள்

இத்திட்டத்தை உள்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து நடத்துகின்றன. போக்குவரத்து, கலால், வனம், உள்ளாட்சி ஆகிய துறைகள் துணை நிற்கின்றன. பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள், ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, பொறுப்பேற்கின்றனர். அவர்களுக்குச் சமூகப் போலீஸ் அதிகாரிகள் என்று பெயர். உள்ளூர்ப் போலீஸ் நிலையத்திலிருந்து, இவ்வாறே ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, இரண்டு போலீஸார் அணிவகுப்புப் பயிற்சி அளிக்க வருகின்றனர்.

இந்த ஏற்பாட்டில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து. பிள்ளையின் ஒரு கையை ஆசிரியர் பிடித்திருக்கிறார். மறு கையைப் போலீஸார் பிடித்திருக்கின்றனர். போலீஸார் மட்டுமே நடத்தினால் அது படைப்பயிற்சியாகிவிடும். ஆசிரியர் மட்டுமே நடத்தினால் மற்றுமொரு பாடவேளையாகிவிடும். இருவரும் கூடினால் பிள்ளைக்குக் கட்டுப்பாடும் கிடைக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டின் காரணத்தைக் கேட்கும் உரிமையும் கிடைக்கிறது. நம் சங்கங்களில் பணப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைத்து இருவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் அங்கத்தினர் அறிந்ததே. ஒருவர் மீதுள்ள ஐயத்தினால் ஏற்பட்ட ஏற்பாடன்று அது. இருவரையும் காப்பதற்காக ஏற்பட்டது. இங்கும் அவ்வாறே.

பிள்ளைகள் செய்வது என்ன?

கேடட்டாகச் சேரும் பிள்ளைக்கு உடற்பயிற்சியும் அணிவகுப்பும் உண்டு. வகுப்பறையில் பாடங்கள் உண்டு. ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைகளில் முகாம்கள் நடைபெறுகின்றன. போலீஸ் நிலையம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் கண்டறிகின்றனர். மரம் நடுதல், சாலைப் பாதுகாப்பு, குப்பை அகற்றுதல், போதைப் பொருளுக்கு எதிரான பிரசாரம் முதலிய ஊர்ப் பணிகளிலும் ஈடுபடுகின்றனர். இரண்டாண்டுப் பயிற்சி முடிந்ததும், பெற்றோர் முன்னிலையில் நிறைவு அணிவகுப்பு நடைபெறுகிறது.

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், மனச்சோர்வுற்ற பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதற்காக ‘சிரி’ என்னும் பெயரில் ஒரு சேவை இத்திட்டத்தின் சார்பில் தொடங்கப்பட்டது. போலீஸ் துறையின் பெயரில் வந்த தொலைபேசி எண் ஒன்றைப் பிள்ளைகள் தங்கள் துயரைச் சொல்ல நாடினர் என்பது, நம் பாட்டன்மார் நம்பியிருக்க மாட்டாத செய்தியாகும்.

வீட்டுக்கு வரும் சட்ட அறிவு

அணிவகுப்பைக் காட்டிலும் நம் வீடுகளுக்கு உடனடியாக உபயோகப்படக்கூடியது சட்ட அறிவே. கேடட் ஒருவர் கற்று வந்து பெற்றோருக்குச் சொல்லத்தக்கவை எவை என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சிலவற்றைக் குறிக்கிறோம். நம் நாட்டுச் சட்டத்தில் உள்ளவை இவை. எல்லா மாநிலத்தாருக்கும் பொதுவானவை.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவின்படி, கைது செய்வதற்குரிய குற்றம் பற்றிய தகவலை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். குற்றம் நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப இடமில்லை. பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தகவல் கொடுத்தவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால், தகவலை எழுத்தில் எழுதி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். செம்புக் கம்பியைப் பறிகொடுத்த நம் அங்கத்தினருக்கு இந்த ஒரு பிரிவு தெரிந்திருந்தால், அவருடைய அச்சத்தில் பாதி குறைந்திருக்கும்.

அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி, சாட்சி விசாரணைக்காக ஒரு பெண்ணையோ, 15 வயதுக்கு உட்பட்ட அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையோ, அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு வரும்படி போலீஸார் வற்புறுத்தலாகாது. அவர்களுடைய வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ‘பெண்டுபிள்ளைகளை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள்’ என்று அஞ்சிப் புகாரையே கைவிடுகிறவர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

சிறுவர் நீதிச் சட்டம் 2015-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் குழந்தைகள் நல அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றும், தவறு செய்த சிறுவனையும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது என்றும் அது விதிக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் அதிகாரி போலீஸ் உடுப்பில் இருத்தல் கூடாது என்கிறது. உடுப்பே சில வேளைகளில் குழந்தையை மிரட்டும் என்பதைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

சாலைப் பாதுகாப்பிலும் பெற்றோரைத் தொடுகிற செய்தி ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயதை எட்டாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பிள்ளைக்கு 25 வயது வரையில் லைசென்ஸ் கிடையாது. சந்தைக்குக் காய்கறி மூட்டையோடும், சங்கத்துக்குத் துணி மூட்டையோடும் பதினான்கு வயதுப் பையனை மோட்டார் சைக்கிளில் அனுப்பும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நாடு முழுதும் பரவியமை

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி, ஹரியானா மாநிலத்துக் குருகிராமில், அந்நாளைய மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அவர்கள் இத்திட்டத்தை நாடு முழுமைக்குமாகத் தொடங்கி வைத்தார். இதிலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே சேர்க்கப்படுவர். பாடப்புத்தகம் இல்லை, தேர்வும் இல்லை. மாதத்துக்கு ஒரு வகுப்பு போதும் என்று வகுக்கப்பட்டது. குற்றத் தடுப்பு, நற்பண்பு என இரு பகுதிகள் உண்டு. சாலைப் பாதுகாப்பு, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, இலஞ்ச எதிர்ப்பு, பேரிடர் உதவி முதலியவை முதற்பகுதியைச் சேர்ந்தவை. பெரியோரை மதித்தல், பிறர் துன்பம் உணர்தல், பொறுமை, சகிப்பு, கூடி உழைத்தல் ஆகியவை இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை.

இதற்காக மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் 67 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. பள்ளி ஒன்றுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை. முழுத் தொகையும் பள்ளிகளுக்கே சென்றதாக வைத்து வகுத்தால் 13,400 பள்ளிகளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். இந்தியா போன்ற பெரிய நாட்டுக்கு இது தொடக்கமேயன்றி முடிவன்று என்பது இந்தக் கணக்கினால் புலனாகும். கேரளத்தில் இரண்டாண்டு முகாமும் அணிவகுப்புமாக நடப்பதற்கும், மாதம் ஒரு வகுப்பாக வகுக்கப்பட்ட நாடளாவிய திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றன்று.

எது அன்று?

இனி, இத்திட்டத்தைப் பற்றி நிலவும் சில தவறான எண்ணங்களை விலக்குவோம்.

இது தேசிய மாணவர் படையன்று. என்.சி.சி. என்று நாம் அழைக்கும் அப்படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது; பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. மாணவர் போலீஸ் திட்டமோ மாநிலப் போலீஸாரும் பள்ளியும் சேர்ந்து நடத்துவது.

இது போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதுமன்று. கேடட்டாக இருந்த பிள்ளை பிற்காலத்தில் ஆசிரியராகலாம், நெசவாளராகலாம், விவசாயியாகலாம். சட்டத்தை மதிக்கும் நல்ல குடிமகனாக, குடிமகளாக வளர்வதே நோக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேடட் பிள்ளைக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. எவரையும் தடுத்து நிறுத்தவோ, சோதிக்கவோ, அபராதம் போடவோ அப்பிள்ளைக்கு உரிமை இல்லை. உடுப்புக் காக்கியாயினும் உள்ளே இருப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைதான்.

குறைகளும் ஐயங்களும்

நன்மைகளை மட்டும் எழுதி நிறுத்தினால் அது விளம்பரமாகும். இத்தகைய திட்டத்தில் எச்சரிக்கைக்குரிய இடங்களும் உள்ளன.

முதலாவது, காட்சி மோகம். அணிவகுப்பு கண்ணுக்கு இனிது. சட்ட அறிவோ, பிறர் துன்பம் உணர்தலோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தெரிகிறதையே வளர்த்துத் தெரியாததைக் கைவிடும் ஆபத்து உண்டு. அமைச்சர்கள் வரும் நாளில் வரிசையில் நிற்கும் அலங்காரமாகப் பிள்ளைகளை ஆக்கிவிட்டால், திட்டம் வெறும் உடுப்பாய் நின்றுவிடும்.

இரண்டாவது, தேர்வு முறை. 44 இடங்களே உள்ள பள்ளியில் பலர் விண்ணப்பித்தால், எழுத்துத் தேர்விலும் உடல் தகுதியிலும் முந்தியவர்களே இடம் பெறுவர். வகுப்பில் முந்திய பிள்ளையைக் காட்டிலும், பின்வரிசையில் அமர்ந்து பள்ளிக்கு வராமல் நழுவும் பிள்ளைக்கே இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படலாம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் தறிக்கே மீண்டும் எண்ணெய் விட்டுக்கொண்டு, முடங்கிய தறியை மூலையில் போட்டுவைப்பது சிக்கனமாகாது.

மூன்றாவது, உடுப்பு. எல்லாரும் ஒரே உடுப்பு அணிவதால் ஏழை பணக்காரர் என்ற வேற்றுமையும் சாதி வேற்றுமையும் மறையும் என்பது அதன் நன்மை. ஆனால் ஒரே உடுப்பு எல்லார் வழக்கத்துக்கும் பொருந்துவதில்லை. முஸ்லிம் மாணவி ஒருவர் தலையை மூடும் ஹிஜாபும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி கேட்டபோது, மதச்சார்பின்மையைக் காரணம் காட்டிக் கேரள அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அதை மறுத்துவிட்டது. படைக்கு ஒரே உடுப்பே முறை என்பது ஒரு சாரார் கருத்து. விருப்பத்தோடு சேர வந்த பெண்பிள்ளையை உடுப்புக் காரணமாக வெளியே நிறுத்துவது திட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது என்பது மற்றொரு சாரார் கருத்து. இருபுறமும் எண்ணிப் பார்க்கத்தக்க நியாயம் உண்டு. எந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம்.

நான்காவது, மிகவும் முக்கியமானது. பிள்ளையை உளவாளியாக்கலாகாது. யார் வீட்டில் சாராயம் இருக்கிறது, எந்தக் கடையில் போதைப் பொருள் விற்கிறது என்று பிள்ளைகளைக் கொண்டு வேவு பார்க்கத் தொடங்கினால், அப்பிள்ளைக்கு ஊரில் பகை ஏற்படும். உயிருக்கே தீங்கு நேரலாம். தன் துன்பத்தையோ தோழனின் துன்பத்தையோ பிள்ளை தானே வந்து சொல்வது வேறு. சொல்லும்படி ஏவுவது வேறு. இந்தக் கோட்டை ஆசிரியரும் போலீஸாரும் தாண்டாமல் இருக்கிறார்களா என்று கண்காணிப்பது பெற்றோர் கடமை.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

உங்கள் ஊர்ப் பள்ளியில் இத்திட்டம் நடக்கிறதென்றோ, வரப்போகிறதென்றோ அறிந்தால், தலைமையாசிரியரிடம் சென்று சில கேள்விகளைக் கேளுங்கள். சங்கத்தின் துணை விதிகளைப் படித்த பிறகே பங்குத்தொகை கட்டும் நமக்கு, பிள்ளையின் விஷயத்தில் அதைவிடக் குறைந்த எச்சரிக்கை போதாது.

பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் யார்? அவர்களில் பெண் ஒருவர் உண்டா? பயிற்சி நடக்கும் நேரமெல்லாம் ஆசிரியர் உடன் இருப்பாரா? பயிற்சி நாட்கள் எவை, பிள்ளை வீடு திரும்பும் நேரம் என்ன? உடுப்பு, பூட்ஸ், முகாம் ஆகியவற்றின் செலவு யாருடையது? பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? வெயிலில் நிற்க இயலாத, உடல் நலம் குன்றிய பிள்ளைக்கு விலக்கு உண்டா? பிழை செய்தால் தண்டனை என்ன, அடித்தலும் வைதலும் விலக்கப்பட்டுள்ளனவா? ஊர்ப்பணி என்று பிள்ளையை எங்கெங்கே அனுப்புவார்கள்? வேண்டாமென்றால் நடுவில் விலகலாமா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் தயங்காமல் சம்மதியுங்கள். விடை மழுப்பலாக இருந்தால், தெளிவாகும் வரை கையெழுத்திடாதீர்கள். கேள்வி கேட்பது அவமதிப்பன்று. கேட்கும் பெற்றோர் உள்ள பள்ளியில்தான் திட்டம் நேராக நடக்கும் என்பது, சங்கங்களை ஆய்வு செய்யும் நம் அனுபவத்திலிருந்து துணிந்து சொல்லக்கூடிய உண்மை. அங்கத்தினர் கேட்காத சங்கத்தில் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

‘சனிக்கிழமைதானே தார் சுற்றவும் களை எடுக்கவும் வீட்டில் ஒரு கை கிடைக்கும், அதையும் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டால் வேலை என்னாவது?’ என்று சில அன்பர்கள் எண்ணலாம். அவர்களுடைய இடர் நமக்குத் தெரியாததன்று. ஆயினும், பிள்ளையின் இரண்டு மணி நேரத்தில் தறிக்குக் கிடைக்கும் இலாபத்தையும், சட்டம் அறிந்த ஒருவர் வீட்டில் இருப்பதால் ஆயுள் முழுதும் கிடைக்கும் இலாபத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

அங்கத்தினருக்கு அளித்த விடை

கூட்டம் முடிந்து, சங்கத்தின் திண்ணையில் அந்த மூத்த அங்கத்தினரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உடுப்பு எதற்கு என்றுதான் அவர் கேட்டிருந்தார். உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டாண்டில் அது சிறுத்துவிடும், பிள்ளை அதைக் கழற்றி வைத்துவிடும் என்றோம். கழற்றிய பிறகும் அப்பிள்ளையிடம் தங்கியிருப்பது என்ன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. போலீஸ் நிலையத்தின் படியை அஞ்சாமல் ஏறும் துணிவு தங்கியிருந்தால், அங்கே தனக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்னும் அறிவு தங்கியிருந்தால், தன்னைவிட எளியவனிடம் அதிகாரம் காட்டாத பண்பு தங்கியிருந்தால், திட்டம் பலித்தது. மிடுக்கு மட்டும் தங்கியிருந்தால் பலிக்கவில்லை.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அடுத்த மாசம் தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. அந்தக் கம்பித் திருட்டுக்கு இன்னமும் எழுதிக் குடுக்கலாமான்னு அந்தப் புள்ளையையே கேட்டுப் பாக்கறனுங்க” என்றார்.

தாமதமானாலும் எழுதிக் கொடுக்கலாம், தாமதத்துக்குரிய காரணத்தையும் எழுதுங்கள் என்று நாமே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த விடையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாயால் அவர் கேட்பதே நலமென்று எண்ணி, சொல்லாமல் விடைபெற்றோம்.